அரக்கு முத்திரையுடன் 281 கிராம்

பிப்ரவரி 6, திங்கள்

இன்று மாலை நாலேகால் மணிக்கு இந்தக் கோட்டாட்சியர் அலுவலகத்தின் வரலாற்றில் நினைவில் நிற்க வேண்டிய ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நேற்றுப் பிடிபட்ட ட்ரோனை, பிடிபட்ட கால்நடைகளுக்கான பதிவேட்டில் ஏற்றுவது என்று தீர்மானித்தோம்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்த ஆலோசனை. வாகனப் பதிவேடு சக்கரம் எத்தனை என்று கேட்கிறது. ஆயுதப் பதிவேட்டில் குழலின் நீளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. கால்நடைப் பதிவேட்டில்தான் பிடிபட்ட இடம், பிடித்தவர், அங்க அடையாளங்கள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான் சொல்லச் சொல்ல இளநிலை உதவியாளர் ஸ்டெல்லா எழுதினார். நிறம்: சாம்பல். கொம்பு: இல்லை, அந்த இடத்தில் இறக்கை நான்கு. சினை: இல்லை.

கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல யோசனை, சிவசைலம்" என்றார். முப்பத்துநாலு வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த மூன்றாவது 'நல்ல'.

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கும் என்பதால் விவரத்தையும் எழுதிவைக்கிறேன். நேற்று அணையைப் பார்வையிட ஒரு பிரமுகர் வந்தார். அதற்காக, அணையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் ட்ரோன் பறக்கக் கூடாது என்று தடை ஆணை போட்டிருந்தோம். வரைவு என்னுடையது. முன்பு போட்ட ஒலிபெருக்கித் தடை ஆணையை எடுத்து, ஒலிபெருக்கி என்று வந்த இடங்களில் ட்ரோன் என்று மாற்றினேன். 'மேற்படி ட்ரோன்களில் பக்திப் பாடல்களும் அடங்கும்' என்று ஓரிடத்தில் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. இருநூற்றைம்பது கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குத் தடை கிடையாது என்ற விலக்கை மட்டும் மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்துச் சேர்த்தேன்.

அணையிலிருந்து நாலரை கிலோமீட்டரில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே படமெடுத்துக்கொண்டிருந்த ட்ரோனைக் காவலர் சுடலைமுத்து இறக்கச் சொல்லிக் கைப்பற்றினார். ஆணை எங்களுடையது என்பதால் பொருளும் எங்களிடம் வந்தது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் காடாத் துணியில் வைத்துத் தைத்து, ஐந்து இடத்தில் அரக்கு ஊற்றி, கோட்டாட்சியரின் முத்திரையைக் குத்திவிட்டோம். இதில் எங்கள் அலுவலகம் ஒருநாளும் பிசகியதில்லை.

பிறகு தபால் தராசில் எடை போட்டோம். 281 கிராம். தடையை மீறியது உறுதியாயிற்று.

வீட்டில் தோசை மாவு அரை பாக்கெட் மிச்சம். புளித்துவிட்டது.

பிப்ரவரி 9, வியாழன்

ட்ரோன்காரர் வந்தார். பெயர் பால்துரை. பஸ் நிலையத்துக்கு எதிரே சிட்டு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வயது முப்பதுக்குள். கையில் ட்ரோன் வந்த அட்டைப்பெட்டி.

"சார், இது 249 கிராம் சார். பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க. உங்க சட்டத்துக்குப் பயந்தே அவன் அந்த எடையில செய்யுதான்."

"பெட்டி சொல்லுதது கம்பெனி பேச்சு. நமக்குத் தராசு சொல்லுததுதான்."

"துணியோட சேத்துல்லா நிறுத்திருக்கீங்க?"

"துணியோட இருக்கதுதான் கைப்பற்றிய பொருள்."

"பிடிக்கும்போது அது துணி உடுத்தியிருக்கலயே சார்."

ஸ்டெல்லா சிரித்தார். நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. கோப்பில் குறித்துக்கொண்டேன். துணியை நீக்கி எடை போட வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு, முத்திரை வைத்த அதிகாரி இருக்க வேண்டும். அல்லது மேலிடத்து ஆணை வேண்டும். முத்திரை வைத்த அதிகாரி அடுத்த அறையில்தான் இருந்தார். ஆனால் இன்று காலை அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. மதியம் பிரிவுபசாரம். கேசரி, பஜ்ஜி. அந்த நேரத்தில் போய்க் கேட்பது முறையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

"தை முடியப் போகுது. மாசியில நாலு கல்யாணம் இருக்கு. கைய முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்" என்றார் பால்துரை.

"மனு குடுங்க" என்றேன்.

பிப்ரவரி 13

புதிய கோட்டாட்சியர் பொறுப்பேற்றார். இன்னொருவர் முத்திரையைத் தான் தொடுவதில்லை என்றார். சரியான நிலைப்பாடு. மேலிடத்துக்கு எழுதினோம்.

பிப்ரவரி 24

குடும்ப அட்டையில் ஒரு பெயரை நீக்கக் கோரும் மனு பதினொரு மாதமாக என் பையில் இருக்கிறது. இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கொடுக்க வேண்டியது. நேரம் கிடைப்பதில்லை.

மார்ச் 1, புதன்

பால்துரை மறுபடி வந்தார். கூட ஒரு பெண், இருபத்துநாலு இருபத்தைந்து வயது. தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அன்றைய கல்யாணப் பெண். பெயர் செண்பகவடிவு.

பால்துரைதான் பேச்சைத் தொடங்கினார். "சார், ட்ரோன் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இனிமே கேக்கல. உள்ள ஒரு மெமரி அட்டை இருக்கு, நகம் அளவுதான் இருக்கும். அத மட்டும் இவுகளுக்குக் குடுத்துருங்க."

"அட்டை கருவியின் பகுதி."

"இவுக அப்பா தவறிட்டாவ சார்."

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி. கல்யாணம் முடிந்து பதினேழாம் நாள். ஆவுடையப்பன் என்று பெயர். அரிசி ஆலையில் ஃபிட்டர். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

நான் அனுதாபத்தைத் தெரிவித்தேன். கல்யாண வீடியோ வேறு இருக்குமே என்று கேட்டேன்.

அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்தது. "எல்லாத்துலயும் அப்பா முதுகுதான் சார் தெரியுது. பந்தியில எலை போட்டுக்கிட்டு, வாளியத் தூக்கிக்கிட்டே அலைஞ்சாவ. மேடையில நின்னு எடுத்த போட்டோ ரெண்டு இருக்கு. கேமராவப் பாத்தா அப்பா விறைச்சுக்கிடுவாவ. பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்க மாதிரி."

"பெறவு இதுல என்ன இருக்கு?"

"சிரிப்பு இருக்கு சார்" என்றார் பால்துரை. "நான் ஸ்க்ரீன்ல பாத்தேன். தலைக்கு மேல ஏதோ பறக்குன்னு அண்ணாந்து பாத்தாவ. அது கேமரான்னு அவுகளுக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டினாவ."

"உங்க போன்ல பதிவாயிருக்காதா?"

"போன்ல எடம் இல்லன்னு அந்த செட்டிங்க அணைச்சு வச்சிருந்தேன் சார். என்னைச் செருப்பால அடிக்கணும்."

"ஆதார் கார்டுல இருக்க படத்தப் பெருசாக்கி மாலை போட்டிருக்கோம்" என்றது பெண். "அம்மா அதப் பாக்கவே மாட்டேங்கா. 'இது யாரோ, அவுக இல்ல'ங்கா."

மனு கொடுக்கச் சொன்னேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் விழித்தது. வழக்கமாக மனு எழுதித் தருவதற்கு வெளியே மரத்தடியில் ஆள் இருக்கிறார். இன்று அவர் வரவில்லை போலும். நானே எழுதிக்கொடுத்தேன்.

மார்ச் 9

பதில் இல்லை. பொட்டலத்தில் எறும்பு. அரக்கு எறும்புக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. மேசையின் நான்கு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 15, புதன்

நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். வழக்கமான நினைவூட்டு நான்கு வரி. 'பார்வையில் காணும் கடிதத்தின் மீது தொடர் நடவடிக்கை எதிர்நோக்கப்படுகிறது.' இதைப் போல ஆயிரம் எழுதியிருப்பேன். ஒன்றுக்கும் பதில் சீக்கிரம் வந்ததில்லை.

இந்த முறை ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன். 'மேற்படி கருவியில், மணமகளின் மறைந்த தந்தையாரது கடைசிக் காட்சிகள் பதிவாகியுள்ளதாகத் தெரிய வருவதாலும், அன்னாரது குடும்பத்தினர் அவற்றைக் காண ஏங்கியிருப்பதாலும், இதனைப் பரிவுடன் அணுகி விரைந்து ஆணை வழங்கக் கோரப்படுகிறது.'

தட்டச்சு செய்துகொண்டிருந்த ஸ்டெல்லா கையை எடுத்தார்.

"சார், 'பரிவுடன்' நம்ம ஆபீஸ் வார்த்தையா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்."

"'ஏங்கி'ன்னு வேற இருக்கே சார்."

"அதுவும் இருக்கட்டும்."

கடிதத்தை நானே தபால் பிரிவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது கேன்டீனில் டீ குடித்தேன். வழக்கமாகக் குடிக்கிற நேரம் அது இல்லை.

மார்ச் 31

நிதியாண்டின் கடைசி நாள். வேறு எதற்கும் நேரமில்லை.

ஏப்ரல் 5, புதன்

செண்பகவடிவு தனியாக வந்திருந்தது. பத்து மணிக்கு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தது, ஒரு மணிக்கு நான் சாப்பாட்டுக்கு எழுந்தபோதும் அங்கேயே இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார். கடிதம் எதுவும் வந்துச்சா?"

"வரும்மா."

"அத ஒரு தடவ பாக்கலாமா?"

பார்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பொட்டலத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். நான் எதிர்பார்த்ததுக்கு மாறாக அது அழவில்லை. காடாத் துணியின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தது, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

"இதுக்குள்ளயா இருக்காவ?"

"அட்டை உள்ளே இருக்கு."

"அம்மா தெனமும் கேக்கா சார். ஆபீஸ்ல ஒரு நல்ல சார் இருக்காரு, அவரே மேலிடத்துக்குக் கூடுதலா ஒரு பத்தி எழுதியிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கூடுதல் பத்தியைப் பற்றி இதற்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தேன். ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. விடுமுறை. பாயசம் வைக்கலாம் என்று சேமியா வாங்கினேன், வைக்கவில்லை. அலமாரியில் இருக்கும் இரண்டாவது போனுக்கும் ரீசார்ஜ் செய்தேன். செய்யாவிட்டால் அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்கிறார் கடைக்காரர்.

ஏப்ரல் 26, புதன்

ஆணை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு நாளில் பதில். என் சர்வீஸில் இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. முக்கியப் பகுதியை நகலெடுக்கிறேன்.

'பார்வை 2-இல் கண்ட கடிதத்தின் வாயிலாகவே, மேற்படி கருவியில் காட்சிகள் பதிவாகியுள்ள விவரம் இவ்வலுவலகத்திற்குத் தெரிய வருகிறது. தடை செய்யப்பட்ட நாளில், தடை செய்யப்பட்ட பகுதியில் எடுக்கப்பட்ட காட்சிகள் என்பதால், கருவியின் எடை எதுவாயினும், அவற்றைச் சரிபார்த்து, நகல் எதுவும் எடுக்கப்படாமல் இருப்பதை உறுதி செய்து, நினைவக அட்டையைச் சாட்சிகள் முன்னிலையில் அழித்து, அதன்பின் கருவியை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. கோரியபடி விரைந்து ஆணை வழங்கப்பட்டுள்ளது.'

பார்வை 2 என்பது மார்ச் 15-ஆம் தேதிக் கடிதம்.

மேலிடத்துக்குப் போன் போட்டேன். கோப்பைப் பார்க்கிறவர் என்னைவிட இருபது வயது இளையவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, நீங்கதான எழுதுனீங்க? முதல் கடிதத்துல வெறும் எடை விவகாரம்தான். முத்திரைய ஒடைச்சு நிறுத்துப் பாத்துட்டுக் குடுத்துருங்கன்னு குறிப்பு எழுதி, ஐயா மேசையில வச்சிருந்தேன். கையெழுத்துதான் பாக்கி. அப்பம் உங்க ரெண்டாவது கடிதம் வந்துச்சு. படம் இருக்குன்னு எழுத்துல வந்த பெறவு நாங்க என்ன செய்ய?"

"அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதலாமா?"

"எழுதலாம். அதையும் சேத்து மூணு கடிதமா கோப்புல இருக்கும்."

சாயங்காலம் ஸ்டெல்லா மேசையில் ஒரு தலைவலி மாத்திரையை வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தலைவலி இல்லை. போட்டுக்கொண்டேன்.

மே 4, வியாழன்

எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு முன்னிலையாகுமாறு பால்துரை, செண்பகவடிவு இருவருக்கும் அறிவிப்பு அனுப்பியிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பால்துரை ஓடி வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னத் தாள் மடிப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தால் ஒரு மெமரி அட்டை.

"புதுசு சார். அதே கம்பெனி, அதே கலரு. அன்னைக்கு இதை வெட்டிப் போட்டுருங்க. அத நான் எடுத்துக்கிடுதேன். ஒரு குருவிக்குத் தெரியாது."

"வெட்டாததை வெட்டினதா எழுதச் சொல்லுதீரா?"

"எழுதத்தான சார் சொல்லுதேன். எழுத்துல ஒலிபெருக்கி ட்ரோன் ஆகுது, ட்ரோன் மாடு ஆகுது. இது ஒண்ணு ஆகாதா?"

நடக்காத எதையும் நடந்ததாக நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை, முப்பத்துநாலு வருடமாக இல்லை, ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது அதைத் தொடங்குவதாகவும் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரும் வழியில் ரேஷன் கடை. இரண்டு பேருக்கு உண்டான சர்க்கரையை அளந்தார்கள். "வீட்ல சௌக்கியமா சார்?" என்றார் புதிதாக வந்திருக்கும் விற்பனையாளர். சௌக்கியம் என்றேன். கைரேகை வைத்துவிட்டு வாங்கி வந்தேன்.

மே 8, திங்கள்

பத்தரைக்கு முத்திரை உடைக்கப்பட்டது. முன்னிலை: காவலர் சுடலைமுத்து, ஸ்டெல்லா, பால்துரை, செண்பகவடிவு. நகல் எடுக்கப்படக் கூடாது என்பதால், எல்லோருடைய போனையும் வாங்கித் தபால் தட்டில் வைத்தேன். என்னுடையதையும் வைத்தேன்.

துணி நீக்கிய எடை 248 கிராம். துணி, நூல், அரக்கு மூன்றும் சேர்ந்து 33.

"அப்பம் பிடிச்சதே செல்லாதே சார்" என்றார் சுடலைமுத்து. பிடித்தவர் அவர்தான். 'எடை எதுவாயினும்' என்ற வரியைப் படித்துக் காட்டினேன்.

அட்டையை ஸ்டெல்லாவின் கணினியில் போட்டோம். சத்தம் இல்லை. ட்ரோன் சத்தத்தை எடுப்பதில்லை என்று பால்துரை விளக்கினார். மண்டபத்தின் மொட்டை மாடி, வாழை மரம் கட்டிய வாசல், வரிசையாக பைக்குகள். பிறகு சமையல் கொட்டகைக்குப் பின்புறம் ஒரு மனிதர் தோளில் துண்டோடு, கையில் சாம்பார் வாளியோடு போகிறார். நிற்கிறார். அண்ணாந்து பார்க்கிறார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார். முன்பல் ஒன்று இல்லை. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டு வாளியை எடுக்கிறார். போகும்போது மறுபடி ஒரு முறை மேலே பார்க்கிறார். மொத்தம் பத்தொன்பது வினாடி.



"இன்னொரு மட்டம் போடுங்க சார்" என்றது அந்தப் பெண்.

ஆணையில் 'சரிபார்த்து' என்றுதான் இருந்தது. எத்தனை முறை என்று இல்லை. ஏழு முறை சரிபார்த்தோம்.

"அம்மாவக் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றது. "நோட்டீஸ்ல, பேரு போட்ட ஆள் மட்டும்தான் வரணும்னு இருந்துச்சு."

அறிவிப்பின் வரைவு என்னுடையது.

சுடலைமுத்து என்னை ஒரு முறை பார்த்தார். "சார், நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். வர பத்து நிமிசம் ஆகும்" என்று எழுந்து வெளியே போனார். எனக்கும் தாகமாக இருந்தது. ஸ்டெல்லாவையும் வரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். பானையில் தண்ணீர் குடித்தேன். சுவரில் இருந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பத்து நிமிடம் இருக்கும். இரண்டு பேர் ஒரு கணினித் திரைக்கு முன்னால் பத்து நிமிடம் தனியாக இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை விசாரிப்பது என் வேலை அல்ல.

ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையமர்த்தினேன். பிறகு அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் பார்த்தேன். போன்கள் இருந்த தட்டு என் கையில் இருந்தது.

உள்ளே போனோம். இருவரும் நான் விட்டுப்போன இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்து திரை நின்றிருந்தது. மறுபடி ஓட்ட எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியும், ஆனால் அரசாங்கக் கணினியைத் தொடலாமா என்று தெரியாததால் தொடவில்லை என்றார் பால்துரை. சுடலைமுத்துவும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

11.40-க்கு, சாட்சிகள் முன்னிலையில், அலுவலகக் கத்தரிக்கோலால் அட்டை இரண்டாக வெட்டப்பட்டது.